சூரியனுக்குள்ள தூரத்தை அளந்த வரலாறு
(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கடன் தவணை, வித்து, எரு, கால்நடை முதலிய விஷயங்களைக் கேட்டுப் பழகிய இச்சபையில் ஆகாயத்தைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்பது சற்று வினோதமாகத் தோன்றலாம். கிரகங்களைப் பற்றிச் சொல்லவேண்டுமென்று பஞ்சாயத்தார் கேட்டுக்கொண்டார்கள். எட்டுக் கிரகங்களின் பெயரையும் அவற்றின் சந்திரன்களின் தொகையையும் வரிசையாக ஒப்பிப்பது எளிது. வீடு போய்ச் சேர்வதற்குள் அது மறந்தும் போகும். ஆகையால் ஒரே ஒரு கேள்வியை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். வானத்தைப் பற்றிய பிரசங்கம் எங்கு நடந்தாலும் பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர் அதைக் கேளாமல் விடுவதில்லை. "சூரியன் ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் இருக்கிறதென்கிறீர்களே, சங்கிலி போட்டு அளந்தது யார்?" என்பதே அக்கேள்வி.

கேட்பவரைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. சிரிப்பது சரியன்று. ரசீது இல்லாத செலவை நாம் நமது சங்கத்தில் ஒப்புக்கொள்வதில்லை. ஒன்பது கோடி மைல் என்பது பெரிய தொகை. அதற்கும் ரசீது கேட்க உங்களுக்குப் பூரண உரிமை உண்டு.

கிராமக் கணக்கிலுள்ள புலப்படத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதில் வரப்பின் கோணம், வாய்க்காலின் வளைவு எல்லாம் சரியாக வரையப்பட்டு, ஆனால் ஓர் அங்குலத்துக்கு இத்தனை சங்கிலி என்ற அளவு மாத்திரம் எழுதப்படாமல் விடுபட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புலம் மற்றொன்றைப்போல் இரண்டு மடங்கு என்று சொல்லலாமேயன்றி, அது எத்தனை ஏக்கர் என்று சொல்ல முடியாது. 1619-ஆம் வருஷத்தில் கெப்ளர் என்னும் ஜெர்மானிய வான சாஸ்திரி தமது மூன்றாவது விதியை வெளியிட்ட பிறகு சூரிய மண்டலத்தின் நிலை இப்படித்தான் இருந்தது. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தை 100 பங்கு என்று வைத்தால், சுக்கிரன் 72 பங்கிலும், செவ்வாய் 152 பங்கிலும், வியாழன் 520 பங்கிலும், சனி 950-க்குச் சற்று மேற்பட்ட பங்கிலும் இருப்பதை அறிந்திருந்தார்கள். பங்கு தெரியும், ஒரு பங்குக்கு எத்தனை மைல் என்பது தெரியாது. ஏதேனும் ஒரு தூரத்தை மைலில் அளந்துவிட்டால் படம் முழுவதும் ஒரே நாளில் அளவு பெற்றுவிடும்.

அதை அளப்பது எப்படி? கையை நீட்டிக் கட்டைவிரலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பாருங்கள்; பிறகு மற்றக் கண்ணால் பாருங்கள். விரல் சுவரில் இடம் பெயர்ந்ததுபோல் தோன்றும். விரலைக் கிட்டக் கொண்டுவந்தால் அதிகமாகப் பெயரும். எட்ட நீட்டினால் குறைவாகப் பெயரும். இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளி தெரிந்தால், பெயர்ந்த அளவைக் கொண்டு விரலின் தூரத்தைக் கணக்கிடலாம். கிரகங்கள் வெகு தூரத்திலிருப்பதால் நம் முகத்திலுள்ள இரண்டு கண்களின் இடைவெளி அதற்குப் போதாது. ஒரு கண் வட துருவத்தின் அருகிலும் மற்றொரு கண் தென் சமுத்திரத்திலும் இருக்கவேண்டும். அதாவது, இரண்டு மனிதர் வேண்டும். இருவரும் ஒரே காட்சியைப் பார்த்துத் தத்தம் குறிப்பை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கவேண்டும்.

இங்கே நம் நாட்டுக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்த ஒரு பிரெஞ்சு வான சாஸ்திரி, அவ்வூர்த் தமிழர் கிரகணம் கணிக்கும் முறையை அவர்களிடமே கற்றார். தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாயிருந்த வாக்கியங்களைக் கொண்டு, ஏடும் எழுத்தாணியும் இல்லாமல் அவர்கள் கணித்தார்கள். 1765-ஆம் வருஷம் ஆகஸ்டு 30-ந் தேதி நேர்ந்த சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் அம்முறைக்கு 41 விநாடிதான் குறைந்தது. ஐரோப்பாவில் அந்நாளில் சிறந்ததென்று பெயர்பெற்ற மாயர் என்பவரின் அட்டவணைக்கு 68 விநாடி கூடிற்று. திண்ணையில் உட்கார்ந்து சோழி எண்ணியவர் தோற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆயினும் கிரகணம் எப்பொழுது என்பது காலத்தைப் பற்றிய கேள்வி. தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரிலிருந்து வானத்தைப் பார்த்து வந்தவர்கள் அதற்கு விடை காணலாம். சூரியன் எவ்வளவு தூரம் என்பது வேறு ஜாதிக் கேள்வி. அதற்கு வேற்றூரில் ஒரு கூட்டாளி தேவை.

1672-இல் பாரிசிலும் தென்னமெரிக்கக் கரையிலுள்ள கயேனிலும் இருந்துகொண்டு செவ்வாயைப் பார்த்து ஒரு மதிப்புப் போட்டார்கள். அதில் பிழை எவ்வளவு என்று உறுதி சொல்ல யாராலும் இயலவில்லை. அதைவிட நல்ல வழியைக் காட்டியவர் ஹாலி என்னும் ஆங்கிலேயர். பேர்பெற்ற வால் நட்சத்திரத்துக்குத் தம் பெயரைத் தந்தவர் அவரே. விடிவெள்ளியாக நீங்கள் அறிந்த சுக்கிரன் மிக அரிதாகப் பூமிக்கும் சூரியனுக்கும் நேர் நடுவில் வந்து, சூரிய பிம்பத்தின்மேல் ஒரு கறுப்புப் புள்ளியாக ஊர்ந்து செல்வதுண்டு. இதைச் சுக்கிரக் கடப்பு என்று சொல்வோம். வடக்கே இருப்பவனுக்கு அப்புள்ளி ஒரு கோட்டிலும் தெற்கே இருப்பவனுக்கு வேறொரு கோட்டிலும் செல்லும். ஒரு கோடு நீளம், மற்றொன்று குட்டை. ஆகையால் கடக்கும் நேரமும் வேறுபடும். நல்ல கடிகாரமும் தூரதரிசினியும் இருந்தால் போதும். அந்த நேர வித்தியாசத்திலிருந்தே தூரத்தைக் கணித்துவிடலாம் என்று ஹாலி 1716-இல் எழுதினார். எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு கடப்பு நேரும். பின் நூறு வருஷத்துக்கு மேல் ஒன்றும் இராது. அடுத்தவை 1761, 1769 என்ற இரண்டு வருஷங்களில். தாம் அதுவரை உயிரோடிருக்கப் போவதில்லை என்பது ஹாலிக்குத் தெரியும். 1742-இல் அவர் காலமானார். கூட்டாளிகள் இன்னும் பிறவாத ஒரு வேலைக்கு அவர் திட்டம் எழுதி வைத்தார்.

அதற்கு முந்திய கடப்பு 1639-இல் நேர்ந்தது. அதைப் பார்த்தவர்களென்று நாம் நிச்சயமாக அறிந்தவர் இருவரே: ஹாராக்ஸ் என்னும் இருபது வயது இளைஞர், மான்செஸ்டர் பக்கத்தில் துணி வியாபாரம் செய்த அவருடைய நண்பர் கிராப்ட்ரீ. மேகம் விலகிச் சுக்கிரனைச் சூரியன்மேல் கண்டதும் கிராப்ட்ரீ ஆனந்தத்தில் மெய்ம்மறந்து நின்று, அளவெடுக்கத் தவறினார் என்று சொல்லுவர். ஐக்கிய இயக்கத்துக்கு 1844-இல் பிறப்பிடமான ராச்டேல் நகரமும் அதே பக்கந்தான். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. துணிக்காரர்களின் நாடு என்பதற்காகச் சொன்னேன்.

1761 ஜூன் 6-ந் தேதிக்காக ஐரோப்பிய அரசர்களும் வித்வ சபைகளும் பல தேசங்களுக்கு ஆட்களை அனுப்பினார்கள். அது பிரான்சும் இங்கிலாந்தும் உலகமெங்கும் போர் புரிந்த காலம். சுமத்திரா தீவுக்குக் கப்பலேறிய மேஸன், டிக்ஸன் என்ற இரு ஆங்கிலேயரைப் பிரெஞ்சுக் கப்பல் வழியில் தாக்கிற்று. பலர் மாண்டனர். இனிப் போகமாட்டோம் என்று இருவரும் எழுத, அவர்களை அனுப்பிய சபையார் வழக்குத் தொடருவோமென்று பதில் எழுதினர். கடைசியில் நன்னம்பிக்கை முனையில் இறங்கி நல்ல அளவெடுத்தார்கள். சைபீரியாவுக்குச் சென்ற ஷாப் என்னும் பிரெஞ்சுப் பாதிரியாரோ டொபோல்ஸ்க் நகரில் வேறொரு ஆபத்தில் சிக்கினார். அவ்வருஷம் அங்கே ஆறு பெருக்கெடுத்தது. சூரியனோடு விளையாடும் இந்த அன்னியனாலேயே வெள்ளம் வந்ததென்று ஜனங்கள் ஆத்திரங்கொள்ளவே, அவருக்குச் சிப்பாய்க் காவல் வைக்க நேர்ந்தது.

எல்லோரிலும் துரதிருஷ்டசாலி லெ ஜாந்தீ என்பவர். புதுச்சேரியில் கிரகணக் கணிதம் கற்றாரென்று முன்னே சொன்னவர் இவரே. அவர் கடப்பைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க எண்ணி, 1760 மார்ச்சு மாதத்தில் பிரான்சை விட்டார். மோரீசுத் தீவு வழியாக வந்து மலையாளக் கரையில் மாஹே அருகில் சேர்ந்தபொழுது, புதுச்சேரி அவ்வருஷம் ஜனவரியிலேயே ஆங்கிலேயர் வசமாயிற்றென்ற செய்தி கிடைத்தது. கப்பல் திரும்பிற்று. ஜூன் 6-ந் தேதி சூரியன் களங்கமின்றி உதித்தது. சுக்கிரனும் அதன்மேல் சென்றது. லெ ஜாந்தீயோ நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் ஊசற் கடிகாரம் ஓடாது. ஆகையால் அவர் பார்த்தது எதற்கும் பயன்படவில்லை. அதே நாளில் சென்னையில் ஹர்ஸ்ட் பாதிரியார் கவர்னர் பிகாட்டின் மாளிகையிலிருந்து நிம்மதியாகக் கடப்பைப் பார்த்துக் குறிப்பெழுதினார்.

எட்டு வருஷந்தானே என்று லெ ஜாந்தீ ஊர் திரும்பாமல் இருந்துவிட்டார்! இடையில் மணிலாவுக்குச் சென்று அங்கே தங்க எண்ணினார். புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்திருந்ததால், அங்கேயே போகும்படி பாரிசிலிருந்து கடிதம் வந்தது. 1768 மார்ச்சில் அவர் வந்தபொழுது ஊர் இடிந்து கிடந்தது. பழைய கோட்டையின் இடிபாட்டின்மேல் கவர்னர் லா அவருக்கு ஓர் ஆகாய நோக்குமேடை கட்டிக்கொடுத்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் நேர்த்தியான தூரதரிசினி ஒன்றைக் கடனாக அனுப்பினார்கள். ஆறு வருஷத்துக்கு முன்வரை இவ்விரு ஊராரும் ஒருவர்மேல் ஒருவர் பீரங்கி சுட்டவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1769 ஜூன் 4-ந் தேதி விடியற்காலையில் கடப்பு முடியவேண்டும். அதற்கு முந்திய நாட்களில் காலை வானம் நிர்மலமாயிருந்தது. முந்தின நாள் மாலையில் கவர்னருக்கு வியாழனின் சந்திரன்களைக் காட்டிவிட்டு அவர் படுத்தார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் வானம் முழுவதும் மேகம். காற்றும் எழுந்தது. கடப்பு முடியும் வரையில் சூரியன் தெரியவேயில்லை. முடிந்தபின் சிறிது நேரத்துக்கெல்லாம் மேகம் கலைந்து, அன்று பகல் முழுவதும் வெயில் எரித்தது. மணிலாவில் வானம் தெளிவாயிருந்ததென்று பிறகு அவருக்குக் கடிதம் வந்தது.

பலநாள் அவரால் எழுதுகோலைக் கையில் எடுக்க முடியவில்லை. சீதபேதி கண்டு மெலிந்து, 1771 அக்டோபரில் ஊர் சேர்ந்தார். பதினொன்றரை வருஷம் கழிந்திருந்தது. அவர் இறந்துவிட்டதாகவே கருதி வாரிசுகள் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தார்கள். வித்வ சபையில் அவருடைய ஸ்தானம் வேறொருவருக்குப் போயிருந்தது. கோர்ட்டு விவகாரத்தில் செலவும் அவர் தலையில் விழுந்தது. சபை ஸ்தானம் பிறகு திரும்பக் கிடைத்தது. அவர் விவாகம் செய்துகொண்டு, ஒரு பெண் குழந்தையோடு சுகமாகவே 1792 வரையில் வாழ்ந்தார். தமது பிரயாணத்தைப் பற்றி இரண்டு பெரிய புஸ்தகங்களும் எழுதினார். சோழிக் கணிதத்தை ஐரோப்பிய வித்வான்கள் அறிந்ததற்கு அப்புஸ்தகமே முக்கிய காரணம். கடப்பைக் காணாதவன் என்று அவரை ஏளனம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

1769-இல் சுமார் 150 பேர் 77 இடங்களிலிருந்து பார்த்தார்கள் என்பது கணக்கு. அவர்களில் சைபீரியாவுக்குப் போன ஷாப் இம்முறை மெக்சிகோ நாட்டின் கலிபோர்னியாக் கரைக்குச் சென்றார். அங்கே விஷஜுரம் பரவியிருந்தது. அவர் கடப்பை முழுவதும் அளந்தார். இரண்டு மாதத்துக்குள் ஜுரத்தால் மாண்டார். கூட வந்தவர்களிலும் பெரும்பாலோர் மாண்டனர். மீந்தவர் அவருடைய குறிப்புப் புஸ்தகத்தைப் பத்திரமாகப் பாரிசுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தென் சமுத்திரத்தில் டஹீதித் தீவிலிருந்து குக் என்னும் மாலுமியும், கிரீன் என்னும் வான சாஸ்திரியும், ஸொலாண்டர் என்னும் வித்வானும் பார்த்தார்கள். ஒரே தீவு, ஒரே காட்சி; ஆனால் மூவர் எழுதிய நேரமும் பல விநாடி வேறுபட்டன. சுக்கிரன் சூரியனின் ஓரத்தைத் தொடும் சமயத்தில், பிரியாமல் ஒட்டிக்கொண்ட மைத்துளிபோல் இழுபடுவதுதான் அதற்குக் காரணம். தொட்டது எந்த விநாடி என்று யாராலும் திட்டமாகச் சொல்ல முடியாது. குக் இதை மறைக்கவில்லை. எதிர்பார்த்ததைவிட அதிகமாக வேறுபட்டோம் என்று அப்படியே எழுதினார்.

மறைக்காமல் எழுதியவருக்கும் சில சமயம் நியாயம் கிடைப்பதில்லை. வடகோடியில் நார்வே தேசத்து வார்டோ தீவுக்கு, டென்மார்க்கு அரசர் அழைப்பின்மேல் சென்றவர் ஹெல் பாதிரியார். வியன்னா நகர நோக்குமேடைக்குத் தலைவர் அவர். வேனிற்காலத்தில் அத்தீவில் இரவிலும் சூரியன் அஸ்தமிப்பதில்லை. ஆகையால் கடப்பு முழுவதையும் பார்க்க வாய்ப்பிருந்தது, அவரும் பார்த்தார். அவரோடு சென்ற ஷாய்னோவிச் என்பவர், அந்தப் பனிநாட்டுச் சாமி ஜனங்களின் பாஷைக்கும் தம்முடைய ஹங்கேரி பாஷைக்கும் உறவுண்டென்று கண்டு புஸ்தகம் எழுதினார். அது வேறு கதை. வார்டோவின் நேரத்துக்கும் டஹீதியின் நேரத்துக்கும் ஏறக்குறைய 23 நிமிஷ வித்தியாசம். இவ்விரண்டும் கணக்கின் இரண்டு தூண்கள்.

ஹெல் தமது கணக்கை அரசரிடம் முதலில் ஒப்புவிக்கவேண்டுமென்று கருதி, உடனே வெளியிடவில்லை. தாமதத்தைக் கண்டு, மற்றவர் எண்களைப் பார்த்துவிட்டுத் தம் எண்ணைச் சரிக்கட்டுகிறார் என்ற பேச்சு எழுந்தது. அவர் காலமாகிப் பல வருஷத்துக்குப் பின், 1835-இல் லிட்ரோ என்னும் வியன்னா சாஸ்திரி ஹெல்லின் கையெழுத்துப் புஸ்தகத்தைப் பரிசோதித்து, முக்கியமான எண்கள் சுரண்டப்பட்டு வேறு நிற மையால் திருத்தப்பட்டிருப்பதாக எழுதிவிட்டார். பேரேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் ஆடிட்டர் என்ன எழுதுவார் என்பது உங்களுக்குத் தெரியும். ஹெல்லின் பெயர் கெட்டது. ஏறக்குறைய ஐம்பது வருஷம் அவரை மோசக்காரர் என்றே உலகம் எண்ணிற்று.

1883-இல் நியூகம் என்னும் அமெரிக்க வான சாஸ்திரி வியன்னாவுக்கு வந்தபொழுது, அசல் புஸ்தகத்தையே எடுத்துக் கண்ணாடி வைத்து வரிவரியாகப் பார்த்தார். திருத்தங்கள் பெரும்பாலும் ஹெல் வார்டோவிலேயே எழுதும்பொழுது செய்தவை என்றும், மை வேறல்லவென்றும், சந்தேகிக்கப்பட்ட எண்களில் மோசம் இல்லையென்றும் கண்டார். அப்படியானால் லிட்ரோவின் கண்ணுக்கு நிறம் வேறாகத் தோன்றியது ஏன்? விசாரித்ததில், லிட்ரோவுக்கு நிறக்குருடு என்பது தெரிந்தது. செக்கச்சிவந்த ரோகிணி நட்சத்திரத்துக்கும் வெள்ளை நட்சத்திரத்துக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாதாம்! அவருடைய குற்றச்சாட்டில் வஞ்சகம் இருந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் அசலைப் பார்க்காமல் அவர் எழுதியதை நம்பியவர்கள் எத்தனை பேர்! கணக்குப் புஸ்தகத்தைக் கொளுத்திவிடாமல் நூற்றுப் பதினான்கு வருஷம் பத்திரப்படுத்தி வைத்த வியன்னா நோக்குமேடையாரைத்தான் நான் மெச்சுவேன்.

இனித் தொகையைப் பார்ப்போம். 1761-ஆம் வருஷத்துக் கணக்கில் ஒருவர் எட்டுக் கோடி மைலுக்குக் குறைவென்றார். மற்றொருவர் ஒன்பதரைக் கோடிக்கு மேலென்றார். 1769-க்குப் பிறகு ஆக்ஸ்போர்டு ஹார்ன்ஸ்பி பல இடத்து எண்களையும் சேர்த்துக் கணித்து, 1771-இல் 9,37,26,900 மைல் என்று வெளியிட்டார். இன்று நமக்குத் தெரிந்த தூரம் 9,29,55,807 மைல். வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. மரக்கடிகாரமும் கைத்தூரதரிசினியும் கொண்டு, பாதிப்பேர் வியாதியிலும் போரிலும் அடிபட்டுச் செய்த வேலைக்கு இது சாமான்யமான பலன் அன்று.

அடுத்த கடப்பு 1874-இல் நேர்ந்தபொழுது சென்னை நுங்கம்பாக்கத்து நோக்குமேடையில் சிந்தாமணி ரகுநாதாசாரியார் முதல் உதவியாளராயிருந்தார். 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அவர். கடப்பு என்பது என்ன, அதனால் பயன் என்ன என்று பொது ஜனங்கள் அறியும்படி இந்திய பாஷைகளில் சிறு புஸ்தகம் வெளியிட்டார். பஞ்சாங்கத்தையும் தூரதரிசினியையும் ஒருங்கே கையாண்ட அப்பெரியவரைப் பற்றி நமது பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லுவதில்லை. இது வருந்தத்தக்கது.

1961-இல் சுக்கிரனை நோக்கி ரேடியோ அலையை அனுப்பி, அது மோதித் திரும்பும் எதிரொலியைப் பிடித்தார்கள். சுக்கிரன் மிகக் கிட்ட இருக்கும்பொழுது அது போய்வர ஐந்து நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாகச் செல்லும். அந்த நேரத்தைக் கொண்டு தூரம் மிகத் திட்டமாகக் கிடைத்துவிட்டது. 2012-இல் சர்வதேச வான சாஸ்திர சங்கத்தார் 14,95,97,870 கிலோமீட்டர் 700 மீட்டர் என்று அந்த அலகை நிர்ணயம் செய்தார்கள். வெளிச்சம் அத்தூரத்தைக் கடந்து நம் வயலில் வந்து விழ 8 நிமிஷம் 19 விநாடி ஆகிறது.

அதே 2012-ஆம் வருஷம் ஜூன் 6-ந் தேதி காலையில் சுக்கிரன் சூரியனைக் கடந்ததை நம் ஜில்லாக்களிலும் பலர் பார்த்தார்கள். தூரத்தை அளப்பதற்கு இப்பொழுது கடப்பு தேவையில்லை, பார்ப்பதற்கு மாத்திரம். அடுத்தது 2117-ஆம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி. அன்று நம் பக்கத்தில் சூரியன் உதிக்கும்பொழுதே அந்தக் கறுப்புப் புள்ளி அதன்மேல் இருக்கும், முற்பகலில் விலகும். வெறுங்கண்ணால் நேரே பார்த்தால் கண் போய்விடும். தூரதரிசினியின் பிம்பத்தை ஒரு வெள்ளைக் காகிதத்தில் விழச்செய்து பார்க்கவேண்டும். 1639-இல் ஹாராக்ஸ் செய்ததும் அதுவே. இதைச் சங்கத்தின் தீர்மானப் புஸ்தகத்தில் தேதியோடு குறித்து வைக்கும்படி காரியதரிசியைக் கேட்டுக்கொள்கிறேன்.